முருகைக்கல்லும் மனிதரும்

முருகைக்கல் என்றதும் நம் நாட்டுத் தமிழருக்கு முதலில் நினைவுக்கு வருவது மதிலும் சுண்ணாம்புமே. நெடுந்தீவிலே காணிகளைப் பிரித்து நிற்கும் மதில்கள் முருகைக்கல்லால் அடுக்கப்பட்டவை. தென்மேற்குக் கரையூர்களிலே பல தலைமுறைகளாகச் சூளையில் எரித்துச் சுண்ணாம்பாக்கி விற்றதும் இதே கல்லைத்தான். சங்க நூல்களிலே துகிர் என்றும் பவளம் என்றும் பேசப்படுவது இதன் இனத்ததாகிய செம்பவளம். மணியாகக் கோத்து அணியப்படுவது. ஒன்று செல்வர் கழுத்தில் ஏறிற்று. மற்றது ஊரார் வீட்டுச் சுவரில் ஏறிற்று. இரண்டையும் நாம் பொருளென்றே கருதினோம். உயிரென்று கருதியவர் மிகச் சிலரே.

மேனாட்டாரும் நெடுங்காலம் இவ்வாறே மயங்கினர். பவளத்தைச் சிலர் கல்லென்றனர், சிலர் செடியென்றனர். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே பெய்சொனெல் என்னும் பிரெஞ்சு மருத்துவர், கடல்நீர் நிறைந்த கலங்களிலே பவளத்தை இட்டுப் பொறுமையோடு நோக்கி, அதன் மலர்கள் எனப்பட்டவை மலர்களல்ல, சிறு விலங்குகளே என்று கண்டு கூறினார். பாரிஸ் விஞ்ஞானக் கழகத்துப் பெரியோர்கள் அக்கூற்றை ஏற்கவில்லை. ஆனால் உண்மை அந்த மருத்துவர் பக்கமே இருந்தது. ஒரு கலம் கடல்நீரும் ஒரு மனிதனுடைய பொறுமையும் பெரும் சபையொன்றின் தீர்ப்பைப் பொய்யாக்க முடியும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

இவற்றை நூல்களிற் படித்தே அறிந்திருந்தேன். உயிருள்ள முருகையொன்று நோயுற்றதையும் தேறியதையும் அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது கடலில் அன்று. கடலுக்கு மிகத் தொலைவிலே, ரொறன்ரோ நகரின் ஸ்காபரோப் பகுதியிலே, என் தமையனாரின் வீட்டு நிலவறையிலேதான்.

எங்கள் ஊர் திருகோணமலை மாவட்டத்துக் கரையோரக் கிராமமொன்று. தந்தையார் கடற்றொழிலாளி. கடலடிப் பாறைத் திட்டுகளை அவர் 'பார்' என்பார். எந்தப் பாரில் எக்காலத்தில் எந்த மீன் நிற்கும் என்பது அவருக்கு மனப்பாடம். 2004 டிசம்பர்க் கடல்கோள் எங்கள் வள்ளத்தையும் வலைகளையும் கொண்டு போயிற்று. 2006 இல் யுத்தம் மீண்டும் மூண்டபோது அண்ணர் நாட்டை விட்டுப் போனார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. நான் உயர்தர வகுப்பு மாணவன். இன்று அவர் பொதியிடும் தொழிற்சாலையொன்றில் இரவு வேலை செய்கிறார். சென்ற ஆண்டின் இறுதி விடுமுறையை அவர் குடும்பத்தோடு கழிக்கச் சென்றிருந்தேன்.

அங்கே நிலவறையில், யாரோ கழித்துவிட்ட நாலடிக் கண்ணாடித் தொட்டியிலே, ஏறத்தாழ முந்நூறு லீற்றர் செயற்கைக் கடல்நீரில், அண்ணர் ஒரு சிறு பாரை வளர்த்து வந்தார். வடித்த நன்னீரில் உப்புக் கலவையைக் கரைத்து, ஆயிரத்துக்கு முப்பத்தைந்து பங்கு உவர்ப்பும் 25 பாகை வெப்பமும் மாறாமற் காத்து, மேலே நீல விளக்கேற்றி, பக்கத்திலே நீரோட்டத்துக்குச் சிறு பம்பிகள் பொருத்தி இவ்வளவும் செய்திருந்தார். வெளியே பனி கொட்டிக் கிடக்க, உள்ளே வெப்பக் கடலின் ஒரு துண்டு அசைந்துகொண்டிருந்தது. "கடலை விட்டிட்டு வந்தாலும் கடல் விடுகுதில்லை, தம்பி" என்றார் அண்ணர்.

தொட்டியின் நடுவிலே நின்றது ஏழு கிளைகளையுடைய முருகை. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் சதைக் கொத்து. அதன் உணர்கொம்புகளின் முனைகள் சுத்தியலின் தலை போன்றிருக்கும். அதனால் அதனைச் 'சுத்தியல் முருகை' என்கிறார்கள். இம்முருகைக்கு ஒரு வரலாறு உண்டு. 2013 டிசம்பரிலே உறைமழை பெய்து ரொறன்ரோவில் மின்கம்பிகள் அறுந்தன. இலட்சக்கணக்கான வீடுகள் இருளில் மூழ்கின. பல வீடுகளுக்கு நாட்கணக்கில் மின்சாரம் வரவில்லை. அண்ணரின் முதல் தொட்டி குளிர்ந்து, அதிலிருந்த அனைத்தும் மடிந்தன. அவரோடு ஒரே வரிசையிலே வேலை செய்த பிலிப்பைன்ஸ் தேசத்துத் தோழரொருவர், தம் வீட்டுத் தொட்டியிலிருந்து இரண்டு கிளைகளை முறித்துப் பொலித்தீன் பையிலிட்டு, குளிர் படாமல் மேலங்கிக்குள் அணைத்துக் கொண்டுவந்து கொடுத்தாராம். பின்னர் அத்தோழருக்கு வேலை போயிற்று. மேற்கு மாகாணமொன்றுக்குப் பிழைப்புத் தேடிச் சென்றார். தொடர்பும் அற்றுப் போயிற்று. இரண்டு கிளை பலவாயின. அண்ணரும் தம் பங்குக்குப் பலருக்கு முறித்துக் கொடுத்து, ஏழை வைத்திருந்தார்.

நான் போன இரண்டாம் நாள் அம்முருகை நோயுற்றிருப்பதைப் பெறாமகன் கண்டான். பதினான்கு வயதுப் பையன்; தமிழைத் தட்டுத்தடுமாறிப் பேசுவான்; ஆனால் கூர்மையான கண். ஏழு கிளைகளில் ஒன்று வெறும் எலும்பாகிவிட்டது. இரண்டிலே சதை கரைந்து, கபில நிறக் கூழ் போன்ற ஒன்று படிந்திருந்தது. எஞ்சிய நான்கும் சுருங்கி வெளிறிக் கிடந்தன.

"சித்தப்பா, வெள்ளையாப் போனா செத்துப் போச்செண்டோ அர்த்தம்?" என்று அவன் கேட்டான்.

இவ்வினா சிறு பிள்ளையின் வினாவாயினும் பெரியவர்களும் தெளிய வேண்டிய ஒன்று. முருகையின் சதைக்குள்ளே ஒருகல அல்காக்கள் குடியிருக்கின்றன. முருகை அவற்றுக்கு இடமும் கழிவுப் பொருள்களிலிருந்து உரமும் கொடுக்கிறது. அவை ஒளியைக் கொண்டு உணவாக்கி முருகைக்குக் கொடுக்கின்றன. முருகைக்கு வேண்டிய சக்தியில் தொண்ணூறு வீதம் வரை இவ்வாறு கிடைக்கக்கூடும். முருகையின் நிறத்திற் பெரும்பகுதியும் அவற்றாலேயே. வெப்பம் மிகுந்தாலோ வேறு துன்பம் நேர்ந்தாலோ இக்கூட்டு முறிகிறது, அல்காக்கள் வெளியேறுகின்றன, கண்ணாடி போன்ற சதையினூடே வெள்ளை எலும்பு தெரிகிறது. இதுவே வெளிறல். வெளிறிய முருகை பசியால் வாடுகிறதேயன்றி இறந்துவிடவில்லை. துன்பம் விரைவில் நீங்கினால் அல்காக்கள் மீண்டும் பெருகும், உயிர் தழைக்கும். துன்பம் வாரக்கணக்கில் நீடித்தாலே சாவு. சதையே இல்லாத வெள்ளை வேறு, அது எலும்பு. இவ்விரண்டு வெள்ளைகளையும் பிரித்தறியத் தெரியாதவன் உயிருள்ளதைக் குப்பையில் எறிந்துவிடுவான்.

நோய்க்குக் காரணம் யாது? பெறாமகன் ஒரு கொப்பியை எடுத்து வந்தான். தொட்டி நீரின் அளவீடுகள் அனைத்தும் அதில் தேதியோடு எழுதப்பட்டிருந்தன. கடைசிப் பதிவு பதினாறு நாட்களுக்கு முந்தியது. பரிசோதனைக் குழாயில் நீரெடுத்துத் துளித்துளியாக மருந்தூற்றி, நிறம் மாறும்வரை எண்ணினோம். வழக்கமாக எட்டுப் பாகையில் நிற்க வேண்டிய காரத்தன்மை ஐந்தரைக்கு இறங்கியிருந்தது. முருகை தன் எலும்பைக் கட்டுவதற்கு நீரிலுள்ள கல்சியத்தையும் காபனேற்றையும் எடுத்துக்கொள்கிறது. கடலில் அவை குறைவதில்லை. தொட்டியிலோ எடுக்க எடுக்கக் குறையும். நாள்தோறும் ஊட்ட வேண்டும். ஊட்டுவதற்கென ஒரு சிறு பம்பி இருந்தது. அதன் மெல்லிய குழாயின் வாய் வெண்படிவத்தால் அடைபட்டிருந்தது. முருகையின் எலும்பாக வேண்டியது குழாயிலே உறைந்து கிடந்தது.

குழாய் அடைபடுவது புதுமையன்று; மாதத்துக்கொருமுறை நேர்வதே என்றார் அண்ணர். வழக்கமாக அதனை இரண்டொரு நாளிற் கண்டுபிடித்துவிடுவார். இம்முறை ஏன் பதினாறு நாள்? நத்தார் காலக் கட்டளைகள் குவிந்திருந்தன. தொழிற்சாலையார் ஒரு பிரிவினரை நிறுத்திவிட்டு, எஞ்சியோரை நாளுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம், வாரத்துக்கு ஆறு நாள் வேலை வாங்கினர். மறுத்தால் அடுத்த பட்டியலிலே பெயர் வருமென்பது எல்லோருக்கும் தெரியும். விடியற்காலை வீடு வந்து, காலணியைக் கழற்றியபடியே கதிரையில் உறங்கிப் போகும் மனிதன் எவ்வாறு துளிகளை எண்ணுவான்? மச்சாள் சொன்னார்: "பிள்ளையின்ர முகத்தையே ரெண்டு கிழமையா வடிவாப் பாக்கேல்லை; முருகையை எங்க பாக்கிறது?" நீரின் குறைபாட்டைத் தேடிச் சென்ற நாங்கள் ஒரு வேலைநேர அட்டவணையிற் போய் நின்றோம். நோயின் வேரைத் தேடுவோர் எல்லோரும் இப்படித்தான், தொடங்கிய இடத்துக்கு வெகு தூரத்தில் வந்து நிற்க நேரிடுகிறது.

அண்ணருக்கு அவசரம். "ஒரேயடியா எட்டுக்கு ஏத்திவிடுவம்" என்றார். பெறாமகன் தடுத்தான். "அப்பா, ஒரு நாளைக்கு அரைப் பாகை காணும். கெதியா ஏத்தினா மிச்சமும் போயிடும்." அவன் சொன்னதே சரி. மெல்ல இறங்கிய நீருக்கு ஓரளவு பழகிவிட்ட உயிருக்குத் திடீர் ஏற்றமும் ஓர் அடியே. சமையலறை அப்பச்சோடாவே மருந்து. அந்த அளவு நீருக்கு ஒரு தேக்கரண்டி அரைப் பாகை உயர்த்தும். நாள்தோறும் முருகைகள் செலவிடுவதை ஈடுசெய்து, அதன்மேல் ஒரு தேக்கரண்டியைக் கரைத்து மெல்ல ஊற்றினோம். ஐந்தரையிலிருந்து எட்டுக்கு வர ஐந்து நாள் சென்றன. அவ்வைந்து நாட்களும் கொப்பியில் பெறாமகனின் கையெழுத்தில் இருக்கின்றன.

ஆனால் கூழ்நோய் ஐந்து நாள் பொறுக்காது. சிதையும் சதையிலே நுண்ணுயிர்கள் பெருகி மேய்வதால் உண்டாவது அக்கூழ். நீரோட்டத்தில் அது பறந்து அடுத்த கிளையிற் படிந்தால் அங்கும் நோய் தொடங்கலாம். நோயுற்ற கிளைகளை வெட்டி அகற்றுவதே வழி. மூன்றாம் நாள் அதிகாலை, வேலையால் வந்த அண்ணர் முருகையை ஒரு தனி வாளியில் எடுத்து வைத்தார். கூழைக் குழாயால் உறிஞ்சி எடுத்தோம். அதன்பின் சிறு வாளைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாமலிருந்தார்.

"இது அவன் தந்தது. வெட்ட மனம் வருகுதில்லை, தம்பி."

"அவர் முறிச்சுத் தந்தபடியாற்தானே அண்ணை, இது இங்க நிக்குது" என்றேன்.

அண்ணர் வெட்டினார். உயிருள்ள சதைக்கு வெகு கீழே, வெறும் எலும்பிலேதான் வாள் பட வேண்டும். நான் விளக்கைப் பிடித்தேன்; பையன் மணிக்கூட்டைப் பார்த்தான். மூன்று கிளைகள் கழிந்தன. நான்கு எஞ்சின. அவற்றை அயடீன் கலந்த கடல்நீரிலே பத்து நிமிடம் அமிழ்த்தி, நல்ல நீரிற் கழுவி, கடையில் விற்கும் சாதாரணப் பசையால் சிறு கற்களில் ஒட்டி, ஒளியும் ஓட்டமும் குறைந்த மூலையொன்றில் வைத்தோம். முதல் நான்கு நாட்கள் ஒரு மாற்றமும் தெரியவில்லை. ஒன்பதாம் நாள் ஒரு கிளை சிறிதளவு விரிந்தது. பதின்மூன்றாம் நாள் நான்கும் விரிந்தன. பையன் இறாற்றுணுக்கொன்றைக் குறட்டால் நீட்ட, ஒரு கிளை அதனைப் பற்றி மெல்ல உள்ளிழுத்தது. அன்று அண்ணர் வேலைக்குப் பிந்திப் போனார்.

நான் திரும்பி வருமுன் நான்கில் இரண்டு கிளைகள் இரண்டு வீடுகளுக்குப் போயின. ஒருவர் எத்தியோப்பியர், மற்றவர் நம்மூரவர், இருவரும் தொழிலாளர். "எல்லாத்தையும் நானே வைச்சிருந்தா, ஒருநாள் கரண்ட் போனா எல்லாம் போச்சு. நாலு வீட்டில இருந்தா எங்கயாவது ஒண்டு மிஞ்சும்" என்றார் அண்ணர். தனியுடைமை பற்றியும் பொதுவுடைமை பற்றியும் நான் படித்த நூல்கள் சில உண்டு. உறைமழையையும் ஆட்குறைப்பையும் கண்ட ஒரு மனிதன் அனுபவத்தால் வந்தடைந்த இம்முடிவு, அவற்றில் எதற்கும் குறைந்ததன்று.

இவ்விடத்தில் நண்பர்கள் சிலர் வினாவுவர்: உழைப்பவனுக்குச் சோறும் உறக்கமும் இல்லாத உலகிலே கண்ணாடித் தொட்டியில் முருகை வளர்ப்பது செல்வர் விளையாட்டல்லவா? இவ்வினாவைத் தட்டிக் கழிக்க நான் விரும்பவில்லை. விற்பனைக்கு வரும் முருகைகளிற் பல இந்தோனேசியா, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளின் கடல்களிலிருந்து எடுக்கப்படுபவை. கல்முருகைகளின் சர்வதேச வியாபாரம், அருகிவரும் உயிரினங்கள் பற்றிய உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. இலங்கையிலே அவை சட்டத்தாற் பாதுகாக்கப்பட்டவை. கடலிலிருந்து பெயர்த்தெடுப்பது குற்றம். அழகுக்காகக் கடலை வெறுமையாக்கும் வியாபாரத்தை எவ்வகையாலும் ஆதரிக்க முடியாது. ஆனால் கைக்குக் கை மாறித் தொட்டியிலேயே முறித்து வளர்க்கப்படும் கிளை வேறு. அது கடலிலிருந்து புதிதாக எதையும் கேட்பதில்லை. அதற்கும் மேலாக, ஓர் உயிர் எதனால் வாழ்கிறது, எதனால் மடிகிறது என்பதைத் துளித்துளியாகக் கற்பிக்கிறது. உழைப்பாளியொருவன் தன் மகனோடு அமர்ந்து கற்கும் விஞ்ஞானத்தைச் செல்வர் விளையாட்டென்று நாம் விட்டுக்கொடுத்துவிடக் கூடாது.

கற்றதைக் கொண்டு கடலைப் பார்ப்போம். கோடைக்குரிய உச்ச வெப்பத்திலும் ஒரு பாகை மிகுந்து சில வாரம் நீடித்தாலே முருகைகள் வெளிறத் தொடங்கும். 1998 இலும் 2010 இலும் 2014 முதல் 2017 வரையும் உலகக் கடல்களிலே பெரும் வெளிறல்கள் நிகழ்ந்தன. 2023 இல் தொடங்கிய நான்காவது பெருவெளிறலின்போது, உலக முருகைப் பார்களின் பரப்பில் ஏறத்தாழ 84 வீதம், வெளிறலை உண்டாக்கக்கூடிய வெப்பத்துக்கு ஆளானதென 2025 இல் அறிவிக்கப்பட்டது. 1998 இல் நம் நாட்டிலே இக்கடுவையிலும் கற்பிட்டிக் கடலிலும் ஆழங்குறைந்த பார்களின் பெரும்பகுதி மடிந்தது. தொட்டியில் ஒரு குழாய் அடைபட்டது; கடலிலோ நிலக்கரியும் எண்ணெயும் எரித்த புகை விண்ணை மூடி வெப்பத்தை அடைத்து வைத்திருக்கிறது. எரித்தவர் ஒருவர், இழப்பவர் வேறொருவர். பார் மடிந்தால் மீன் குறையும். மீன் குறைந்தால் முதலில் வெறுமையாவது சிறு வள்ளக்காரனின் கூடையே.

வெப்பம் மட்டுமன்று, பசியும் பாரை அழிக்கிறது. இக்கடுவைக்கு வடக்கே பெரலியவிலே 2004 கடல்கோள் ஒரு புகையிரதத்தையே புரட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. பார் காக்கப்பட்டிருந்த இக்கடுவையில் அலை தணிந்து வந்ததையும், முருகை அகழப்பட்டிருந்த பெரலியவில் அது உயர்ந்து வெகுதூரம் உட்புகுந்ததையும் ஆய்வாளர்கள் 2005 இல் எடுத்துக்காட்டினர். அகழ்ந்தவர்களைப் பழிப்பது எளிது. அவர்கள் சுண்ணாம்புச் சூளைக்குக் கல் விற்று அடுப்பு மூட்டியவர்கள். வேறு தொழில் கொடுக்காமற் சட்டத்தை மட்டும் கொடுத்தால், சட்டம் இரவில் உறங்கும், பசி உறங்காது.

எங்கள் பக்கத்துப் புறாமலை 1963 இல் சரணாலயமாகவும் 2003 இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. யுத்தம் முடிந்த 2009 இன் பின்னர் அங்கு வருவோர் தொகை பெருகிற்று. மாணவர் சிலரோடு ஒருமுறை அங்கு சென்றிருந்தேன். உல்லாசப் பயணிகள் முருகையின்மேல் ஏறி நின்று படம்பிடித்துக்கொண்டிருந்தார்கள். என் மாணவனொருவன் கேட்டான்: "சேர், கல்லுத்தானே, மிதிச்சா என்ன?" அவன் கடற்றொழிலாளியின் மகன். பாரின் பயனைத் தன் வீட்டு உலையிலே கண்டவன். அவனுக்கே அது கல்லென்றால், குற்றம் அவனுடையதன்று. பாடநூலில் முருகைக்கற்பார் பூமிசாத்திரத்தில் ஒரு வரைவிலக்கணமாக நிற்கிறது. மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம்.

நான் கற்பிப்பது தமிழ். ஆயினும் கரையோரப் பாடசாலையில் தமிழ் கற்பிப்பவனுக்கும் இதிலே ஒரு வேலை உண்டென்று கருதுகிறேன். இத்தவணையில் பத்தாம் வகுப்பு மாணவரிடம் ஒரு கொப்பி கொடுத்திருக்கிறேன். தந்தையரையும் பாட்டன்மாரையும் கேட்டு, எங்கள் கடலிலுள்ள பார்களின் பெயர்கள், எந்தப் பாரில் முன்னர் எந்த மீன் பட்டது, இன்று என்ன படுகிறது, எந்த ஆண்டில் முருகை வெளிறிக் கண்டார்கள் என்பவற்றைத் தேதியோடும் சொன்னவரின் வயதோடும் எழுதி வருகிறார்கள். எந்த அகராதியிலும் காணாத சொற்கள் அதில் சேர்ந்து வருகின்றன. கல்லென்று சொன்ன மாணவனே அதிகம் எழுதியிருக்கிறான்.

ஒரு வீட்டுத் தொட்டியை ஒரு குடும்பம் காப்பாற்றலாம். அரைப் பாகை அரைப் பாகையாகக் கடலைத் திருத்த எந்தக் குடும்பத்தாலும் இயலாது. அதற்கு எரிபொருளையும் தொழிலையும் சட்டத்தையும் பற்றிய தீர்மானங்கள் மாற வேண்டும். அவற்றை மாற்றுவதற்கு மக்கள் ஒன்றுசேர வேண்டும். ஒன்றுசேர்பவர் கையில் கணக்கும் இருக்க வேண்டும். எப்போது குறைந்தது, எவ்வளவு குறைந்தது என்று சொல்ல முடியாதவரின் முறைப்பாட்டை எந்த அதிகாரியும் எளிதில் ஒதுக்கிவிடுவார். ஆகவே மன்னாரிலும் முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் கரையூர்ப் பாடசாலைகளிலே பணிபுரியும் ஆசிரிய நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் வகுப்பிலும் இப்படியொரு கொப்பியைத் தொடங்குங்கள். பார்களின் பெயரறிந்த முதியவர்கள் இன்னும் சிலரேனும் நம்மிடையே இருக்கிறார்கள்.